ஒன்பது பேப்பர் கப்

எங்கள் ஊரில் சாதிச் சண்டை மூண்டு, காலனி வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். என்னோடு இருபத்தாறு வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்த மாதையன் சாரை, எங்கள் வீட்டில் கேழ்வரகு மூட்டை அடுக்கும் அறையில் மூன்று நாள் ஒளித்துவைத்தேன். தேடி வந்தவர்களிடம், "இங்க யாரும் இல்லீங்க" என்று பொய் சொன்னேன்.

முதல் நாளே மனைவி, "டம்ளர்லயே டீ குடுக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அவர் வாய் வைத்த டம்ளரில் பிறகு நாங்கள் குடிக்க வேண்டுமே என்று நினைத்தேன். "பேப்பர் கப் இருக்குதே" என்றேன்.

கப்பை வாங்கிய மாதையன் சிரித்தார். "என்னங்க சார், கல்யாண வூட்டுக் கவனிப்பா இருக்குது!"

நானும் சிரித்தேன்.

நான்காம் நாள் போலீஸ் வந்ததும் கும்பிட்டுவிட்டுப் போனார். அறையில் ஒன்பது கப்புகளையும் கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தார். எங்கள் அலமாரியில் பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் இருந்தன.

ஒரு வாரம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். எரிந்த வீட்டில் மிஞ்சியது இரண்டே டம்ளர். கருகியிருந்த ஒன்றைத் தேய்த்துக் கழுவி எனக்கு டீ கொடுத்தார்.

"சூடா இருக்குது, பாத்துக் குடிங்க சார்."

அவர் உயிரைக் காப்பாற்றியவன் என்று ஊரில் என்னைச் சொல்கிறார்கள். அந்த ஒன்பது கப்பைப் பற்றி அவரும் யாரிடமும் சொல்லவில்லை.