முன் பெஞ்சு அண்ணாச்சி

சில வருடங்களுக்கு முன், ராஜபாளையத்தில் நான் ஆர்கன் வாசிக்கும் சர்ச்சில் நடந்தது இது. எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஞாயிறு காலையில் அடுப்படியை ஒழித்துவிட்டு, பஸ்ஸைப் பிடித்து, மூச்சு வாங்க ஓடிப்போய் ஆர்கன் முன்னால் உட்காருவேன். வாசிப்பதோடு விட்டதா? பாடகர் குழுவின் பாட்டுத் தாள்களைப் பத்திரமாக வைத்திருப்பதும் என் தலையில்தான். பீரோவில் வரிசையாக அடுக்கி வைத்து எடுத்துக் கொடுத்தால், விசிறிக்கொள்ள ஒரு தாள், பிள்ளைக்கு முறுக்கு மடித்துக் கொடுக்க ஒரு தாள்! கேட்டால், "ஒரு பேப்பருக்கா இம்புட்டுக் கோவம்?" என்பார்கள். "சம்பளமா தாராவ? விட்டுட்டு வீட்ல இரேன்" என்று என் கணவர் வேறு. விட முடிந்தால் விட்டிருக்க மாட்டேனா?

இத்தனையையும் பொறுத்துக்கொண்ட என்னால் பொறுக்க முடியாமல் போனது ஒருவரைத்தான். ஆர்கனுக்கு எதிரே, முன் பெஞ்சில் உட்காருவார். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணாச்சி என்போம். குரல் என்றால் அப்படி ஒரு குரல், கூரை அதிரும். ஆனால் எப்போதும் அரை வரி பிந்தித்தான் வருவார். நாங்கள் ஆமென் பாடி முடித்த பிறகு அவர் தனியாக ஒரு ஆமென் பாடுவார். வேகமாக வாசித்துப் பார்த்தேன், சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன், முறைத்தும் பார்த்தேன். மனுஷன் என்னைப் பார்த்துச் சிரிப்பார்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருடத்துக்கு ஒருமுறை கடவுளுக்கு நன்றி சொல்லிக் கொண்டாடும் ஸ்தோத்திரப் பண்டிகை நெருங்கியது. "அவிய முன்னால இருந்தா நாங்க பாட மாட்டோம்" என்று பாடகர் குழு ஒற்றைக்காலில் நின்றது. நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சபைச் செயலாளரைவிட்டு அவரைப் பின் பெஞ்சுக்குப் போகச் சொன்னேன். அண்ணாச்சி மறுபேச்சு பேசாமல் சரி என்றாராம்.

அடுத்த ஞாயிறு பாட்டு கச்சிதம். அப்பாடா என்றிருந்தது. அதற்கடுத்த வாரம்தான் உறைத்தது, பின்னாலிருந்தும் அந்தக் குரல் வரவே இல்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறார். இந்த வயதில் இது என்ன பிடிவாதம் என்ற எரிச்சலோடு, ஆராதனை முடிந்ததும் வாசலில் மடக்கினேன்.

"ஏன் அண்ணாச்சி, பின்னால இருந்தா பாடக் கூடாதா?"

"செத்த இருங்கம்மா" என்று கையைக் காட்டியவர், சட்டைப் பையிலிருந்து காது மிஷினை எடுத்து மாட்டினார். "இப்பச் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கண் மிஷின் மேலேயே இருப்பதைப் பார்த்து அவரே சொன்னார்.

"மில்லுல நின்னு நின்னு காது போயிருச்சும்மா. இத மாட்டிக்கிட்டு உள்ள இருந்தா, எங்க உக்காந்தாலும் ஆர்கன் சத்தத்துக்குக் கீச்சுனு கத்துது. அதான் உள்ள வரும்போதே கழத்தி வச்சிருவேன். ஒவ்வொரு வரிக்கும் நீங்க தலைய ஆட்டுவீகள்ல, அதப் பாத்துத்தான் பாடிட்டு இருந்தேன். பின்னால இருந்து உங்க தலை தெரியல. கண்டபடி பாடி உங்களுக்கு எடஞ்சல் பண்ண வேண்டாம்னு வாய மூடிக்கிட்டேன். ஆனா பாடாம வீட்டுக்குப் போனா, சர்ச்சுக்கு வந்த மாதிரியே இல்லம்மா."

நான் தலையாட்டுவதே எனக்குத் தெரியாது! "இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று அவரிடமே கத்தினேன். அழுகை வந்துவிடுமோ என்ற பயத்தில் வந்த கத்தல் அது.

"யாரும் கேக்கலயேம்மா" என்றார்.

பண்டிகையன்று அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன் பெஞ்சில் உட்கார வைத்தேன். பாடகர் குழு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. "ஒவ்வொரு வரியிலயும் அவிய வந்து சேர்ற வரைக்கும் எல்லாரும் நில்லுங்க. முடியாதுன்னா நீங்களே வாசிச்சுக்கோங்க" என்றேன். வரிக்கு வரி தலையைப் பெரிதாக ஆட்டினேன். அவர் பாடி முடிக்கும்வரை கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தேன்.

இன்றைக்கும் அவர் பிந்தித்தான் வருகிறார், எனக்கு எரிச்சலும் வரத்தான் செய்கிறது. ஆனால், எதிரே நின்று என்னையே பார்த்துப் பாடிக்கொண்டிருந்த மனிதரிடம், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க இத்தனை வருடமும் எனக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.