ஒரு சொட்டு ஆசிட் பட்ட முத்து

ஜெசிந்தாவின் தம்பி அந்தோணி போன் செய்தபோது, கப்பலில் வந்த சுண்ணாம்புக்கல் மாதிரியை நம் லேபில் டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தேன். "செண்பகக்கா, அக்கா போயிட்டா. காலையில நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சு போச்சு." சரி என்றேன். அதற்கு யாராவது சரி என்பார்களா? நிறம் மாறும்வரை சொட்டு விட்டு, அளவை எழுதிவிட்டுத்தான் கிளம்பினேன். லேபில் உங்களில் சிலர் அழுதீர்கள். பக்கத்து மேசைக்காரி நான், எனக்கு வரவில்லை.

அவள் மேசையில் இருக்கும் கால்சைட் கல் உங்களுக்குத் தெரியும். ஏதோ சுண்ணாம்புக்கல் சரக்குக் குவியலில் அகப்பட்டது. கண்ணாடி மாதிரி தெளிவு, ஒரு பக்கமாகச் சாய்ந்த பெட்டி வடிவம். ஒரு கோட்டின் மேல் வைத்தால் கோடு இரண்டாகத் தெரியும். நகம் கீறாது, கத்தி கீறும். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் கத்தியைக் கையில் கொடுத்து, "கீறிப் பாரு. எம்பேச்ச நம்பாத" என்பாள். ஒருநாள் அது தரையில் விழுந்து மூன்றாக உடைந்தது. துண்டு ஒவ்வொன்றும் அதே சாய்ந்த பெட்டி. நான் ஐயோ என்றேன், அவள் கைதட்டினாள். "பாத்தியா ஏளா, இப்படித்தான் உடையும்னு சொன்னேன்லா!" பொருள் போனால் போகட்டும், சொன்னது சரியாக இருக்க வேண்டும் அவளுக்கு.

முத்துக் கம்மலும் அப்படித்தான் பாழானது. அவள் கல்யாணத்துக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த கம்மல் அது. பிளாஸ்டிக் என்று அந்தோணி சீண்டிவிட்டான். மறுநாளே லேபுக்குக் கொண்டுவந்துவிட்டாள். முத்தும் சுண்ணாம்புக்கல்லும் கார்பனேட்தான், ஆசிட் பட்டால் நுரைக்கும். நான் தடுப்பதற்குள் ஒரு கம்மலில் ஒரு சொட்டு விட்டாள். நுரைத்தது. "அசல்! டெஸ்ட் பண்ணியாச்சு!" என்று லேபே அதிரக் கத்தினாள். துடைத்துப் பார்த்தால் அந்த முத்தில் பளபளப்பே இல்லை, சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வெளுத்திருந்தது. அசலா என்று பார்க்க முத்தின் மேலேயே ஆசிட் விடுகிற புத்தி நம் தொழில்காரர்களைத் தவிர யாருக்கு வரும்? அவள் அம்மா மாசக்கணக்கில் பேசவில்லை. இவளோ ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அதையேதான் போட்டுக்கொண்டு போனாள்.

என் அப்பா இறந்தபோதும் நான் அழவில்லை. ஆழ்வார்திருநகரிப் பக்கம் எங்கள் ஊரில் கல்நெஞ்சக்காரி என்று காதுபடவே பேசினார்கள். ஜெசிந்தா பஸ் பிடித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ டோலமைட்டுக் கல்லு ஏளா. கால்சைட்டுன்னா ஆசிட் பட்டதும் பொங்கிரும். டோலமைட்டு பொடிச்சாத்தான் நல்லாப் பொங்கும். பேசுதவங்க பேசிட்டுப் போறாங்க, விடு" என்றாள். எழவு வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவி, அதற்கும் சேர்த்து எனக்குப் பேச்சு வாங்கிக் கொடுத்தாள்.

இப்போது அவள் பெட்டியில் கிடந்தாள். அவள் அம்மா என் கையைப் பிடித்தார். "கூடவே கெடந்தவ நீ. ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியா ஏளா உனக்கு?" அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவர் வெளுத்த முத்துக் கம்மலைக் காகிதத்தில் மடித்து என்னிடம் தந்தார். "நல்லத நான் வச்சுக்கிடுதேன். இது கண்ணுல பட்டா இன்னும் எனக்குக் கோவந்தான் வருது. எம்புள்ளைய நெனச்சு அழ விடமாட்டேங்குது. நீ கொண்டு போ."

மறுநாள் அதை ஒரு காதிலும் என் பழைய கம்மலை மறு காதிலும் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன். நீங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தீர்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது கணக்குப் பிரிவு அண்ணாச்சிதான் கேட்டார்: "என்னம்மா, ஒத்தை முத்து? அசலா?"

"அசல்தான் அண்ணாச்சி. டெஸ்ட் பண்ணியாச்சு" என்றேன்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டப்பாவைத் தள்ளிவிட்டு மேசையில் கவிழ்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கல் லேபிலேயே இருக்கட்டும், வருகிறவர்கள் கீறிப் பார்க்கட்டும். முத்து என்னிடம் இருக்கும். நான் அழுததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அவள் அம்மா பார்க்கவில்லை. உங்களில் யாராவது ஒருவர் போய் அவரிடம் சொல்லிவிடுங்கள்.