ஒரே நேரத்தில் ஓடிய மோட்டார்கள்

கோபம் வந்தால் எனக்கு அழுகைதான் வரும், வார்த்தை வராது. தண்ணீர் பாய்ச்சும் செயலியை விற்ற கம்பெனிக்காரரிடம் மட்டும் வார்த்தை வந்தது.

காரிமங்கலம் பக்கத்தில் எங்களுக்குத் தக்காளித் தோட்டம். மண் ஈரத்தையும் வெயிலையும் வைத்துக் கணக்குப் போட்டு, எப்போது தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று போனில் சொல்லும் செயலி ஒன்றை அவர் விற்றார். சுற்றியிருந்த தோட்டக்காரர்களும் வாங்கினார்கள். தண்ணீர் மிச்சமானது உண்மைதான்.

பூப்பிடிக்கும் சமயம். ஒரு காலையில் எல்லோருடைய போனும் உடனே தண்ணீர் விடச் சொன்னது. எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடின. எங்களுக்கெல்லாம் பொதுவான டிரான்ஸ்பார்மர் தாங்காமல் வெடித்துப் புகைந்தது. வேறொன்று வர ஒரு வாரம் ஆகும் என்றார் லைன்மேன். அதற்குள் பூவெல்லாம் உதிரத் தொடங்கியது.

கம்பெனிக்காரர் வந்து லேப்டாப்பைத் திறந்தார். "கணக்குல தப்பே இல்லீங்கக்கா. ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனியா சரியாத்தான் வந்திருக்கு."

"தனித்தனியாவா?" என்று கத்தினேன். "எல்லாத்துக்கும் கரண்டு ஒரே எடத்துல இருந்துதானுங்க வருது! அது உங்க கணக்குல எங்கீங்க?"

"அதை யாரும் எங்ககிட்ட சொல்லலீங்க."

"நீங்க கேட்டீங்களா?"

அவர் லேப்டாப்பை மூடிவிட்டுக் கிளம்பினார்.

பக்கத்துத் தோட்டத்துச் செல்வி மெதுவாகக் கேட்டாள். "எனக்கும் அதே மெசேஜ்தான் வந்துச்சுக்கா. நாம ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் இல்ல?"



பாதிச் செடிகள்தான் தேறின. இப்போது செயலி சொன்னாலும், செல்வியிடம் கேட்டு முறை வைத்துத்தான் மோட்டார் போடுகிறேன். அந்த மனிதர்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம், வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றவளிடம் பேசாமலே இருந்த என்மேலும் எரிச்சல் வருகிறது.