உப தலைவர் இன்றும் வரவில்லை

“தலைவர், உப தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் நேரில் சமுகமளித்துக் கையொப்பமிட வேண்டும். நிர்வாகக் கட்டமைப்பு வரைபடமொன்றும் இணைக்கப்பட வேண்டும்.”

போன வாரம் செவ்வாய்க்கிழமை முற்பகல் 10.20க்குச் சங்கப் பதிவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் இது. நேரம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? எந்தக் கடிதம் வந்தாலும் உறையின் மூலையில் நேரத்தைக் குறித்து வைப்பேன். வீட்டில் இந்தப் பழக்கத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அது இங்கே வேண்டாம்.

எங்கள் சங்கம் சின்னது. கண்டாவளைப் பக்கத்தில், நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகளுக்குச் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கட்டில் என்று இரவல் கொடுக்கிறோம். தேவை முடிந்ததும் கழுவித் துடைத்துத் திருப்பித் தருவார்கள். அது இன்னொரு வீட்டுக்குப் போகும். பள்ளிக்கூட வாத்தியாரான நான் அதன் செயலாளர். மாத முடிவுக்குள் பதிவைப் புதுப்பிக்காவிட்டால், எங்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் புதிய சக்கர நாற்காலிகள் வேறெங்காவது போய்விடும். அவற்றுக்காகக் காத்திருக்கும் வீடுகளின் பட்டியல் என் மேசையில் கிடக்கிறது.

கையொப்பம் போடுவதில் என்ன கஷ்டம்? நான்கு பேர்... ஒரு பேனை.

கஷ்டம் இரண்டாவது பெயரில் இருந்தது.

எங்கள் உப தலைவர் இராமையா. சின்ன வயதில் மலையகத்திலிருந்து வந்து இங்கேயே சைக்கிள் கடை போட்டவர். சங்கத்தின் முதல் சக்கர நாற்காலி, அவர் இரண்டு பழைய சைக்கிள் சில்லுகளை வைத்து ஒட்டியது. போரின் கடைசிச் சண்டைக் காலத்தில் காணாமல் போனார்.

மீள்குடியேறி வந்து கூடிய முதல் கூட்டத்தில், ‘பழைய நிர்வாகமே தொடரட்டும்’ என்று தீர்மானித்தோம். இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகு ஒவ்வொரு வருடமும் அதே தீர்மானம். முன்மொழிபவர் மாறுவார். வழிமொழிபவர் மாறுவார். உப தலைவர் மாறவில்லை.

சங்கத்துக்கு யாப்பு, விதிமுறை என்று ஒன்று இல்லையா? இருக்கிறது. தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு அறிவிக்காமல் வராதவர் பதவி இழப்பார். ஆனால், இராமையாவின் மனைவி பாக்கியமக்கா ஒரு கூட்டமும் தவறுவதில்லை. வரவு கூப்பிடும்போது உப தலைவரின் பெயர் வந்ததும் எழுந்து, “அவர் இண்டைக்கு வரேல்லை” என்பார். மறுபடி கதிரையில் இருந்துவிடுவார். நான் ‘அறிவித்து வராதோர்’ என்பதன் கீழே அவர் பெயரை எழுதுவேன். எனக்கு முன்பிருந்த செயலாளரும் அப்படியே எழுதியிருக்கிறார். கூட்டறிக்கைப் புத்தகங்கள் அத்தனையையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு மாதம்கூட விடுபடவில்லை.

புதன்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு சிவனேசனிடம் போனேன். எங்கள் தலைவர். சொந்தமாக அரிசி மில் நடத்துபவர். மில் அலுவலகச் சுவரில் இப்படியொரு வரைபடம் மாட்டியிருப்பது எனக்கு ஞாபகம். அதைப் பார்த்துக் கீறலாம் என்று ஒரு நப்பாசை.

பார்த்தேன். அழகான பெட்டிகள். உரிமையாளர், மெனேஜர், சுப்பர்வைசர், மெஷின் ஒப்பரேற்றர், சாரதி. மேலிருந்து கீழே நேரான கோடுகள். ஒரு பெட்டியிலாவது பெயர் இல்லை.

ஏன் என்று கேட்டேன்.

“பேர் எழுதினா ஆள் மாறுற நேரமெல்லாம் திருப்பிக் கீற வேணும் மாஸ்டர்.”

உண்மைதான். நெல் அவிக்கும் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போன மாதம் கட்டாருக்குப் போனார். ஞாயிறு போனார். செவ்வாய் அதே இடத்தில் இன்னொருவர் நின்றார். பழையவர் விட்டுப்போன கையுறைகூட அவருக்கு அளவாக இருந்தது. மில் ஒருநாளும் நிற்கவில்லை. அப்படி ஓடுவதால்தானே நாம் சோறு தின்கிறோம்?

எங்கள் வரைபடத்தை அன்று பின்னேரம் கீறினேன். யோசித்துப் பார்த்தால், நான் முதலில் எழுதியது பெயர்களைத்தான். பதவிகளைப் பிறகுதான் தேடினேன். ‘ஆலோசகர்’ என்ற பெட்டி, ஒரு வருடம் கோபித்துக்கொண்டு போனவரைத் திருப்பி அழைத்து வர உண்டாக்கியது. அவர் இன்றுவரை ஒரு ஆலோசனையும் சொன்னதில்லை. ஆனால் எந்த வீட்டுக்குக் கட்டில் தூக்க வேண்டுமென்றாலும் முதல் ஆள் அவர்தான். மில்லில் பெட்டிக்கு ஆள் பிடிக்கிறார்கள். நாங்கள் ஆளுக்குப் பெட்டி செய்கிறோம்... அதனால்தான் எங்களிடம் எதுவும் சுணங்கித்தான் நடக்கிறது. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சிவனேசன் தெளிவாக இருந்தார். இராமையாவின் பெயரை எடுத்துவிட்டு வேறொருவரைப் போடுவது. ஞாயிறு கூட்டத்தில் தானே சொல்வது. மில்லில் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், இது என்ன பெரிய வேலை என்றார்.

ஞாயிறு பின்னேரம் நான்கு மணி. பொதுநோக்கு மண்டபம். வரவு கூப்பிட்டேன். பாக்கியமக்கா எழுந்தார். “அவர் இண்டைக்கு வரேல்லை.” எழுதினேன்.

சிவனேசன் பேச எழுந்தார். மழையைப் பற்றிப் பேசினார். அறுவடை மெஷின் பிந்துவதைப் பற்றிப் பேசினார். தேநீர் வந்தது. அதைப் பற்றியும் பேசினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். நடக்க முடியாத அவருடைய அம்மாவை ஏழு வருடம் தாங்கியது இராமையா ஒட்டிய அந்த முதல் நாற்காலிதான் என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் பாக்கியமக்காதான் சிவனேசனிடம் கேட்டார்.

“தம்பி, என்னவோ கடிதம் வந்ததெண்டு கதைக்கினம். என்னது?”

“அது அக்கா... எல்லாற்றை கையெழுத்தும் வேணுமாம். அண்ணையின்ரையும்.”

“அப்ப, அவர் இல்லையெண்டு எழுதப் போறியளோ?”

சிவனேசன் கதிரையில் இருக்கவும் இல்லை, நேராக நிற்கவும் இல்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு வளைந்தபடி நின்றார்.

“இல்லையெண்டு எழுதேல்லை அக்கா. நான் எழுத விடமாட்டன். பதிவு போனாப் போகட்டும்.”

“பதிவு போனா கதிரை கேட்டிருக்கிற சனத்துக்கு நீங்களே காலாப் போவியள்?”

பாக்கியமக்கா மேசைக்குக் கிட்ட வந்தார்.

“நான் போடுறன் கையெழுத்து. அவர் வருமட்டும். அவர் வந்த அண்டைக்கே நான் எழும்பிக் கதிரையைக் குடுப்பன்.” சிவனேசனைப் பார்த்தார். “நீங்கள் குடுப்பியளோ தலைவர்?”

எத்தனையோ வருடமாகத் தலைவர் கதிரையில் இருக்கும் சிவனேசன் முதலில் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. சிரிப்பு முடிந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதில் உப தலைவர் (உப தலைவர் வரும்வரை): திருமதி பாக்கியம் இராமையா. முன்மொழிந்தவர் தலைவர். வழிமொழிந்தவர் ஆலோசகர். ஏகமனதாக நிறைவேறியது. வரைபடத்தில் இராமையாவின் பெட்டி அப்படியே இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு பெட்டி ஒட்டியாகிவிட்டது.

படிவத்தை அங்கேயே நிரப்பினேன். பாக்கியமக்கா நிதானமாகக் கையொப்பமிட்டார். எல்லாம் சரி. ஒரு கூடு மட்டும் மிஞ்சியது: ‘முன்னைய பதவியாளர் விலகிய திகதி.’

நான் பேனையோடு அவரைப் பார்த்தேன்.

“நான் கடைசியாக் கண்டது ஒரு வியாழக்கிழமை,” என்றார் மெதுவாக. “ஆனா அது விலகின திகதியில்லையே மாஸ்டர்?”

இல்லைதான்.

நேற்று முன்தினம் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஏற்றுக்கொள்வார்களா என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை. அந்தக் கூட்டில் நான் எழுதியிருப்பது இரண்டே சொற்கள்: ‘இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.’