உள்ளங்கைச் சீனி

சோலூருக்குப் பிரியும் சாலையில் மருதாயி வைத்திருந்த டீக்கடை ஒரு வருஷத்தைத் தாண்டவில்லை. கடை படுத்ததற்கு டீ காரணமில்லை. அந்தப் பக்கம் காய்கறி லோடு ஏற்றப் போன எந்த டிரைவரைக் கேட்டாலும், ஊட்டி மார்க்கெட்டில்கூட அப்படி ஒரு டீ கிடைக்காது என்றுதான் சொல்வார். மருதாயி சோம்பேறியும் இல்லை, சிடுமூஞ்சியும் இல்லை. வாடிக்கையாளரை எப்படி நடத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தச் சாலையில் வேறு எவருக்கும் தெரியாது. கடை படுத்ததே அதனால்தான்.

எழுபதுகளின் நடுவில் தலைமன்னாரில் கப்பலேறி வந்த குடும்பம் அது. மருதாயி, அவர் கணவர் காத்தமுத்து, இரண்டு டிரங்குப் பெட்டிகள். மண்டபம் முகாமில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் என்ன மறுவாழ்வு என்று கார்டில் எழுதினார்கள். சிலருக்குத் தேயிலைத் தோட்ட வேலை, சிலருக்கு வியாபாரக் கடன். காத்தமுத்து தோட்ட வேலையே கேட்கலாம் என்றார். தெரிந்த தொழில், தலைக்கு மேல் கூரை. மருதாயி ஒப்பவில்லை. பதினாலு வயதில் கூடை தூக்கியவர் அவர். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் ஒரு தடம் விழுந்திருந்தது, அதில் முடி முளைப்பதில்லை. கிளம்பும்போது அந்தக் கயிற்றை குடியிருந்த லயத்துச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தார். "இனிமே எந்தத் தொரை மலையிலயும் நான் கூடை தூக்க மாட்டேன்" என்று கணவரிடம் சொன்னார். கார்டில் வியாபாரம் என்று எழுதினார்கள். அப்படி எழுதிவிட்டால் பிறகு அரசுத் தோட்டத்தில் வேலை கேட்க முடியாது, அது ஒரு முறை கொடுப்பது என்றும் சொன்னார்கள். மருதாயிக்கு அதில் கவலையில்லை. டீ விற்கத் தெரியும்.

சிலோனில் ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து மூலையில் அடுப்பு வைத்து விற்றுப் பழகியவர்தான். எவருக்குச் சாயம் கூட வேண்டும், எவருக்குக் குறைய வேண்டும் என்று முகத்தை வைத்தே சொல்வார். ஒரு வருஷம் தோட்டத்தில் பேதி பரவியபோது மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா லயம் லயமாக வந்து சொல்லிக்கொடுத்ததை அவர் மறக்கவில்லை: கிளாஸை வெந்நீரில் கழுவு, கரண்டி எவர் கையிலும் பட விடாதே. இந்த மூன்றையும், அதாவது ருசியையும் சுத்தத்தையும் ஆள் முகத்தையும், முதலீடாக வைத்துத்தான் சோலூர்ப் பிரிவில் தகரக் கொட்டகை போட்டார்.

அங்கே ஏற்கெனவே ஒரு டீக்கடை இருந்தது. சாலையின் மேல்பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரம். வேலுமணி என்பவர் வைத்திருந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், நாற்பதைத் தொடுகிற வயது. போட்டிக்குக் கடை வருகிறதே என்று அவர் சண்டைக்கு வரவில்லை. முதல் நாள் மருதாயி கடையிலேயே உட்கார்ந்து டீ குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார், ஒரு புத்தியும் சொன்னார்.

"ஏனுங்க அக்கா, இங்க வர்றவிய எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு கேப்பாங்க. சிலோன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல கேட்டா அடுப்பு ஊதப் போயிருங்க."

மருதாயிக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. காலையில் வருகிறவர்கள் லாரி டிரைவர்கள், மண்டி ஆட்கள், தோட்டம் பார்க்க வரும் கமிஷன் வியாபாரிகள். பாலுக்கும் விறகுக்கும் வழிசெய்வது அந்தக் காலை வியாபாரம். அவர்களில் மருதாசலம் என்று ஒரு டிரைவர். பெரிய லாரி, பெரிய குரல். அவர் எங்கே வண்டியை நிறுத்துகிறாரோ அங்கேதான் மற்ற வண்டிகளும் நிற்கும். முதல் வாரமே கேட்டார். மருதாயி சிலோன் என்றார். சிலோன்காரம்மா கடை என்று பெயர் விழுந்துவிட்டது.

மதியத்துக்கு மேல் வருகிறவர்கள் வேறு. கேரட்டும் முட்டைக்கோஸும் மூட்டை பிடித்து லாரியில் ஏற்றுகிற ஆட்கள். அன்னூர், அவிநாசிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். ஆனி ஆடிச் சாரலில் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்வார்கள். விரல் மடங்காது. அவர்களுக்கு மருதாயி ஒரு ஏற்பாடு செய்தார். அடுப்பின் பக்கவாட்டில் ஒரு பானை வெந்நீர் எப்போதும் கிடக்கும். டீ கேட்கும் முன்பே ஒரு செம்பு மொண்டு அவர்கள் கையில் ஊற்றுவார். சேறு போகும், விரலில் உயிர் வரும், பிறகு கிளாஸைப் பிடிக்கலாம். இதற்காகவே வேலுமணி கடையைத் தாண்டி இறங்கி வந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி போல இருந்தவர் ஆறுக்குட்டி, முப்பது வயதுக்காரர், வாய் ஓயாது. "எங்கூட்டுல மாமியாகூட எனக்கு இப்புடி தண்ணி ஊத்துனதில்லீங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆடி மாதம் மதியப் பால் நின்றுபோனது. பால் கொடுத்தவர்கள் காலையில் மட்டும்தான் தர முடியும் என்றார்கள். மதியம் வெறும் டீதான். மருதாயி கலங்கவில்லை. சிலோனில் எல்லோரும் குடித்தது அதுதானே. சீனித் தட்டுப்பாடு வந்த பிறகு அங்கே டீயில் சீனி கலப்பது நின்றே போயிருந்தது. கிளாஸில் கறுப்பாகச் சாயத்தண்ணி, உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி. ஒரு நக்கு, ஒரு மடக்கு. கொஞ்சம் சீனியில் கடைசி மடக்குவரை இனிப்பு நிற்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும் அப்படித்தான்.

சாரல் பிடித்த ஒரு மதியம் ஆறுக்குட்டிக்கும் அவர் ஆட்களுக்கும் வெந்நீர் ஊற்றினார். கிளாஸைக் கொடுத்தார். "கையக் காட்டுங்க தம்பி" என்றார். ஆறுக்குட்டி நீட்டினார். கரண்டி படக்கூடாது என்று சற்றுத் தூக்கிப் பிடித்து உள்ளங்கையில் சீனியைச் சரித்தார்.

ஆறுக்குட்டி கையைப் பார்த்தார். மருதாயி முகத்தைப் பார்த்தார். கையைக் கவிழ்த்துச் சீனியைக் கீழே கொட்டினார். டீயைக் குடிக்காமல் கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள்.

சீனி போதவில்லை என்று மருதாயி நினைத்தார். மறுநாள் வந்த இருவருக்குக் குவித்துப் போட்டார். சுத்தம் போதவில்லை என்று முகம் சுளித்தார்களோ என நினைத்துக் கரண்டியை இன்னும் உயரத்தில் பிடித்தார். வெந்நீரை இரண்டு முறை ஊற்றினார். அந்த இருவரும் திரும்பவில்லை. வாடிக்கை குறைந்தால் உபசாரத்தைக் கூட்ட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த வியாபாரம். கூட்டக் கூட்டக் குறைந்தது.

மேல்பக்கம் வேலுமணி கடையில் இதற்கு வேறு அர்த்தம் முழுசாக உருவாகியிருந்தது. சமவெளியில் மூட்டைக்காரர்களின் ஊர்களில், அவர்கள் சாதிக்கென்று டீக்கடைக்கு வெளியே ஆணியில் தனி டம்ளர் தொங்கும். எடுத்து நீட்டினால் மேலிருந்து ஊற்றுவார்கள். தின்பண்டம் கையில் விழும். குடித்த டம்ளரை அவர்களே கழுவி மாட்ட வேண்டும். வேலுமணியின் சொந்த ஊரிலும் அப்படித்தான். மலையில் அவர் எல்லோருக்கும் ஒரே கிளாஸ் வைத்திருந்தார், சாதி பார்த்தால் வியாபாரம் ஓடாது என்பதால். சிலோன்காரம்மா கையில் போடுகிறார் என்று ஆறுக்குட்டி சொன்னபோது அவர் சொன்னது சின்ன வாக்கியம்: மொதல்ல கை கழுவ வெச்சுப்போட்டுத்தானுங்க போடறாங்க. அதோடு வெந்நீருக்கும் வேறு அர்த்தம் வந்துவிட்டது. அந்தச் சிலோன் வழக்கம் தனக்கு அப்போதே தெரியும் என்று பின்னாளில் வேலுமணியே ஒப்புக்கொண்டார். "நான் ஒண்ணும் பொய் சொல்லலீங்களே. நடந்ததத்தானுங்க சொன்னேன்" என்றார்.

காரணம் தெரியாமல் மருதாயி ஒரு மாதம் தவித்தார். காலை வியாபாரம் மட்டும் போதவில்லை. காத்தமுத்து விறகு பிளக்கும்போது தோட்ட வேலையைப் பற்றி முனகத் தொடங்கினார். ஒரு மாலை மருதாயி கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, லோடு ஏற்றிவிட்டு நடந்து வந்துகொண்டிருந்த ஆறுக்குட்டியை வழியில் நிறுத்தினார். என்ன தப்பு செய்தேன், சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்டார்.

ஆறுக்குட்டி முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு நின்றார். "எங்கப்பன் கையை நீட்டித்தானுங்க வாங்குச்சு. அது எங்கப்பனோட போவட்டும்னுதான் நான் மலையேறுனது. இங்கயும் நீங்க மேல இருந்து போட்டா நான் எங்கீங்க போறது?"

மருதாயிக்கு அப்போதுதான் விளங்கியது. சிலோனில் டீக்குச் சீனி அப்படித்தான் என்றார். ஆறுக்குட்டி நம்பவில்லை. யாவாரத்துக்கு எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார்.

மருதாயிக்கு முன்னால் ஒரே வழிதான் இருந்தது. வேலுமணி சொல்லாதே என்றதைச் சொல்வது. சாலையில் வேறு எவரும் இல்லை.

"நானும் அந்த ஆளுதான் தம்பி. எங்கப்பனும் தொறையூருப் பக்கம் கைய நீட்டிட்டுத்தான் கப்பலேறுனாரு."

அப்பா பிறந்த ஊரையும், ஊருக்கு வெளியே அவர்கள் குடியிருந்த தெருவையும், அங்கே கும்பிட்ட சாமியையும் சொன்னார்.

மறுநாள் மதியம் அவர் ஆட்கள் மொத்தமும் இறங்கி வந்தார்கள். பெஞ்சு பற்றவில்லை. ஆறுக்குட்டி முதல் ஆளாகக் கையை நீட்டினார். சீனியை நக்கி, ஒரு மடக்குக் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மருதமலை முருகனுக்கே இந்த மரியாதை இல்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மருதாயியும் சிரித்தார். அந்தக் கடையில் அவ்வளவு கூட்டம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

வாயை அடக்கத் தெரியாதவர் ஆறுக்குட்டி. அவர் பேசியதும் சந்தோஷத்தில்தான். அந்த வாரத்திலேயே ஒரு காலை, மருதாசலம் பெஞ்சில் உட்கார்ந்து பால் டீ குடித்துக்கொண்டிருந்தார். லோடு ஏற்ற வந்த ஆறுக்குட்டி புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் கடையைக் காட்டிச் சொன்னார்: "இங்கயே குடி. இது நம்ம அக்கா கடை. நம்மாளுங்க."

மருதாசலம் கிளாஸுக்குள் பார்த்தார். பாதி இருந்தது. அதைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தார். மறுநாள் அவர் லாரி மேல்பக்கம், வேலுமணி கடை வாசலில் நின்றது. அதன் பின்னால் மற்ற லாரிகள் நின்றன.

லாரி நிற்கிற இடத்தில்தான் லோடு ஏறும். லோடு ஏறுகிற இடத்தில்தான் ஆட்கள் இருப்பார்கள். ஆறுக்குட்டி சில நாள் மூட்டைக்கு நடுவே ஓடி வந்து குடித்துப் பார்த்தார். டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். வேலை வேண்டுமா டீ வேண்டுமா என்று மருதாசலம் கேட்டதாகச் சொல்கிறார்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது ஆறுக்குட்டி மேலேயே குடித்தார். கீழ்க்கடையைப் பார்க்க நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடையைப் பிரித்த பிறகு காத்தமுத்து மறுவாழ்வு ஆபீசுக்குப் போய் தோட்ட வேலை கேட்டார். கார்டைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு மறுவாழ்வு கொடுத்து முடிந்துவிட்டதே என்றார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை வேலுமணி எடுத்துக்கொண்டார். பெஞ்சு, கிளாஸ்கள், வெந்நீர்ப் பானை. குறைத்து மதிப்பிடவில்லை, நியாயமாகவே கொடுத்தார். கணவன் மனைவி இருவரும் ஓவேலிப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் தினக்கூலிக்குச் சேர்ந்தார்கள். மருதாயி புதுக் கயிறு வாங்கினார். பழைய தடத்திலேயே அது சரியாக உட்கார்ந்தது.

இரண்டு வருஷம் கழித்து, சோலூர்ப் பக்கம் சொந்தக்காரர் சாவுக்குப் போய்த் திரும்பும்போது பஸ் அந்தப் பிரிவில் நின்றது. குளிர் தாங்காமல் மருதாயி இறங்கினார். வேலுமணி கடை இப்போது ஓடு வேய்ந்திருந்தது. பக்கவாட்டில் மருதாயியின் பழைய பானையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. மூட்டை தூக்குகிறவர்களின் கையில் ஒருவர் செம்பால் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெஞ்சில் டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், மருதாசலமும் இருந்தார். ஆறுக்குட்டியைக் காணவில்லை.

"வாங்கக்கா" என்று வேலுமணி கூப்பிட்டார். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே கிளாஸில் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"சீனி கூடிப்போச்சுங்க" என்றார் மருதாயி.

குடித்து முடித்ததும், டீக்கடை வைத்திருந்த பழக்கத்தில், பானையிலிருந்து வெந்நீரை மொண்டு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பெஞ்சில் இருந்த மருதாசலம் அதைப் பார்த்து, அதுதானே முறை என்பதுபோலத் தலையை ஆட்டினார். மருதாயி அந்தத் தலையாட்டலைப் பார்த்தார். வேலுமணியும் பார்த்தார், அடுப்பு ஊதத் திரும்பினார். பஸ் ஹாரன் அடித்தது.