சாட்சிப் பட்டியலில் ஒரு பிழை

போன வாரம் யட்டவத்த பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு த்ரீவீல் ஆட்டோ வழி விடாமல் ஊர்ந்தது. பின்கண்ணாடியில் தங்க எழுத்தில் ‘தேவ கிருபையின் ஈவு’. அதன் கீழே ஓர் அட்டையில் ‘விற்பனைக்கு’. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் மிளகு மூட்டையை மடியில் வைத்திருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, தனியாகச் சிரிக்கிறவனைப் பஸ்ஸில் யார்தான் நம்புவார்கள்.

அந்த மிளகு வாசனைதான் என்னை எங்கள் பழைய ஜெபக்கூடத்துக்கு இழுத்துப் போனது. மாத்தளையில் ஒரு மிளகுக் கடையின் மாடியில் இருந்தது அது. வாரநாள் கூட்டங்களில் நாங்கள் அங்கே சிந்திய கண்ணீரில் பாதிதான் மனந்திரும்பிய கண்ணீர். மீதி, கீழே மிளகு புடைத்த தூசியின் கைங்கரியம். வெளியூர்ப் பிரசங்கிகளுக்கு இது தெரியாது. “என்ன அபிஷேகம், என்ன அபிஷேகம்!” என்று மெய்சிலிர்த்துப் போவார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கையெழுத்து நன்றாக இருந்த ஒரே தகுதிக்காக, சாட்சிப் பட்டியல் எழுதும் வேலையைப் பாஸ்டர் என்னிடம் கொடுத்திருந்தார். மாதத்தின் கடைசி ஞாயிறு சாட்சி ஞாயிறு. கடவுள் தங்களுக்குச் செய்த நன்மையைப் பட்டியலில் பேர் உள்ளவர்கள் மேடையேறிச் சொல்ல வேண்டும். யார் ஏறுவது என்பது என் பேனாவில் இருந்தது. அந்த நாட்களில் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

“சாட்சின்னா கண்ணுக்குத் தெரியணும் தம்பி,” என்பார் பாஸ்டர். “சமாதானம் வந்திச்சு, மனசு நெறஞ்சிச்சுன்னு எழுதிராதீங்க. சபை தூங்கிரும்.”

இதே பாஸ்டர் மற்ற ஞாயிறுகளில் உருகி உருகிப் பிரசங்கிப்பார். கிருபை என்பது தகுதி பார்க்காமல் கிடைப்பது, மெய்யான ஆசீர்வாதம் ஆத்துமாவுக்கு உரியது, அதைப் பூச்சி அரிக்காது என்பார். மூன்று ஞாயிறு பரலோகம், நாலாம் ஞாயிறு பிரிட்ஜ். விசா, தரைக்கு டைல்ஸ், மருமகனுக்குக் கட்டாரில் வேலை என்று ஆசீர்வாதங்கள் வரிசையாக மேடையேறும். எங்கள் யாருக்கும் இதில் ஒரு முரணும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், பதவி போய்விடும்.

புஷ்பம் அக்கா மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். ஐம்பதைத் தொட்ட வயது. அவர் வாய்க்குப் பயந்து கங்காணியே வேறு வழியாகப் போவார் என்று சொல்வார்கள். மூன்று மாதமாக என் பின்னாலேயே வந்தார்.

“என் பேரையும் எழுதுங்க தம்பி.”

“என்ன கெடச்சிச்சுக்கா?”

“ஏச முடியாமப் போச்சு.”

தொண்டையில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். நாலாவது தடவை சலிப்போடு, “சரி, யாருக்கு என்ன வருத்தம், என்ன நோய்?” என்றேன். “பல்லேபொலயில எங்கக்காவுக்கு வாதம்...” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ‘புஷ்பம் – அக்காவின் வாதம் சுகமானது’ என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டேன்.

ஞாயிறு வந்தது. பாஸ்டர் மைக்கில் முழங்கினார். “அடுத்ததா, படுத்த படுக்கையா கெடந்த தன்னோட அக்கா எழும்பி நடந்த அற்புதத்த நம்ம சகோதரி சொல்லுவாங்க!”

புஷ்பம் அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். “எங்கக்கா எந்திரிக்கலைங்க. செத்துப்போச்சு.”

முன்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் “அல்லேலூயா!” என்றார். ஓர்கன் வாசிக்கிற பையன் வெற்றிப் பாட்டை அரைவாசி வாசித்து நிறுத்தினான். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“எங்கம்மா செத்தப்ப அக்கா எனக்குச் சொல்லி அனுப்பல. நான் போய்ச் சேர்றப்ப பொதச்சிட்டாங்க. மொகம் பாக்கல. பதினோரு வருசம் பேச்சில்ல. வாதத்துல விழுந்திருச்சுன்னு கேள்விப்பட்டதும் ஏசத்தான் போனேன். என்னென்ன ஏசணும்னு பஸ்ல சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். போய்ப் பாத்தா, ஈரத் துணியில கெடக்குது. மாத்திவிட ஆளில்ல. பக்கத்து வீட்டுல ஒரு பேசின்ல தண்ணி கேட்டேன். அம்புட்டுத்தான். ஒரு ஏச்சுகூட வாயில வரலை. பத்தொம்பது நாள் கழுவிவிட்டேன். கடைசில என் கையப் புடிச்சிக்கிட்டே போயிருச்சு.”

மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

“அது நான் செஞ்சதில்லைங்க. எனக்கு அவ்வளவு நல்ல மனசு கெடையாது. ஒங்களுக்கே தெரியுமே.”

சபை சிரித்தது. சிரித்தபடியே பலர் கண்ணைத் துடைத்தார்கள். அன்று ஞாயிறு, கீழே கடை பூட்டு. மிளகின் மேல் பழி போட வழியில்லை.

அடுத்த சாட்சி புது பிரிட்ஜ் வாங்கிய ஒரு சபை அண்ணனுடையது. மேடையேறி மைக்கை வாங்கினார். பிறகு, “பிரிட்ஜ் நல்லா வேல செய்யுது,” என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என் தோளில் கை போட்டார். “தம்பி, கர்த்தர் ஒங்களுக்கு வேற ஊழியம் வச்சிருக்கார்.” அது ஆட்கள் உட்கார்ந்த கதிரைகளை அடுக்குகிற ஊழியம். அடுக்கிக்கொண்டிருந்தபோது புஷ்பம் அக்கா வந்தார்.

“நான் ஏதும் பெழையாச் சொல்லிட்டேனா தம்பி?”

“இல்லக்கா, பெழையா எழுதினது நான்.”

“அப்படி எழுதாட்டி என்னைய ஏத்தியிருப்பீங்களா?” என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் துளிகூட இல்லை. மன்னிப்பு கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

பிறகு அவர் நாவுலவில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா மகளோடு போய் இருந்தார். அங்கேயே அடக்கம் பண்ணினார்கள்.

அந்த மாடி இப்போது இல்லை. சபை பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டது, குளிரூட்டியும் அகலத் திரையும் இருக்கின்றன. சாட்சிகளை முன்கூட்டியே படம்பிடித்து, வெட்டி, இசை சேர்த்துத் திரையில் போடுகிறார்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எதுவும் போவதில்லை, பிழை ஒன்றுகூட இருப்பதில்லை. தப்பித்தவறி யாரும் மேடையேறிவிட முடியாது.