‘அடுத்த வாரம்’ என்று சொல்லிவந்த நாட்கள்

அந்த ஜீப்பின் கூரைமேல் ஓர் இரும்புக் கட்டிலைத் தலைகீழாகக் கட்டியிருந்தார்கள். பின்பக்கத்தில் மெத்தைச் சுருள், பாத்திர மூட்டைகள், மிக்ஸிப் பெட்டி, போர்வையில் சுற்றிய இயேசு படம். பெருமாட்டியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் வாசலில் காலை பதினொரு மணிக்கு அது வந்து நின்றது. முன்னால் இருந்து என் சித்தி மகன் இறங்கினான். மூட்டைகளுக்கு நடுவே இடுங்கி உட்கார்ந்து வந்த அவன் மனைவியும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும் மரத்துப்போன கால்களை நீட்டி மெதுவாக இறங்கினார்கள். சித்திரபுரத்திலிருந்து விடியுமுன்னே கிளம்பி மூணாறு, மறையூர், உடுமலை என்று மலையிறங்கி வந்திருக்கிறார்கள். “அண்ணே, வந்துட்டோம்” என்றான் சிரித்தபடி. அங்கே அவனுக்கு இன்னும் வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

தேங்காய் மட்டையில் நாரைப் பிரித்தபின் மிஞ்சும் தூளைக் கழுவி, உலர்த்தி, செங்கல் போல அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புவது எங்கள் தொழில். அங்கே மண்ணுக்குப் பதிலாக அதில்தான் தக்காளி வளர்க்கிறார்களாம். தொழிற்சாலையை நடத்தியவர் அவ்வூர்த் தென்னந்தோப்புக் குடும்பம் ஒன்றின் மருமகள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், எல்லோருக்கும் மேடம். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டியை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, அது ஊதிப் பெருக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நிற்பார். மனிதர்களோடு அவ்வளவு பொறுமை கிடையாது. யாரையும் அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. சின்னக்கானலில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் இருபது வருஷம் கிளார்க்காக இருந்துவிட்டு, மகன் படிப்புக்காகக் கீழே இறங்கி வந்தவன் நான். ஆள் எடுப்பது, விடுப்பு, வருகைப் பதிவு எல்லாம் என் பொறுப்பு.

அந்த வருஷம் வெளிநாட்டில் எங்களிடம் சரக்கு வாங்கும் ஒருவர், வழக்கமாக எடுப்பதைப்போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மேடம் புதிய கொட்டகை போட்டார். அழுத்தும் இயந்திரம் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. அதை ஓட்டப் பன்னிரண்டு பேர் வேண்டும். மூன்று நாள் நேர்காணல் வைத்து எடுத்தோம். எலக்ட்ரீசியன் வேலைக்கு என் சித்தி மகனும் வந்திருந்தான். என் உறவு என்று தெரிந்ததும் மேடம், எரிந்துபோன மோட்டார் ஸ்டார்ட்டர் ஒன்றை அவன் முன்னால் வைத்து, “இதச் சரி பண்ணிக் காட்டுங்க” என்றார். முக்கால் மணி நேரத்தில் சரிசெய்து காட்டினான். பன்னிரண்டு பேருக்கும் கடிதம் கொடுத்தோம். ‘தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று அதில் இருந்தது. “என்னண்ணே, தேதியே போடல?” என்று கேட்டான். “அது வழக்கம்ப்பா. அடுத்த மாசம் மொதல் வாரம் வந்து சேந்துரலாம்” என்றேன்.

அதற்குள் செய்திகள் மாறத் தொடங்கின. சரக்கு போகும் நாட்டில் இறக்குமதி வரியைக் கூட்டப்போவதாகச் சொன்னார்கள். பிறகு தள்ளிவைத்தார்கள். பிறகு நமக்கு மட்டும் கூடுதல் என்றார்கள். இங்கேயோ தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. யார் வந்தாலும் நிலத்தடி நீர் எடுக்கப் புது விதி வரும் என்று டீக்கடையில்கூடப் பேசிக்கொண்டார்கள். தூளைக் கழுவத் தண்ணீர் இல்லாமல் எங்களுக்குத் தொழில் இல்லை. சரக்கு வாங்குபவர் வாராவாரம் ஒரு மெயில் அனுப்பினார். வேண்டாம் என்று அதில் இருக்காது. கொஞ்சம் பார்ப்போம் என்றிருக்கும். மேடம் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். “பொறுங்க சார், இப்ப ஆளுங்கள வரச்சொல்ல வேண்டாமுங்க. தெளிவானதும் சொல்றேன்.” சரி என்று தலையாட்டிவிட்டு என் மேசைக்கு வருவேன்.

இதைத்தான் நான் அந்தப் பன்னிரண்டு பேரிடமும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர்கள் போன் செய்யும்போதெல்லாம் “அடுத்த வாரம்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பொய் சொல்வதாக அப்போது தோன்றவில்லை. எஸ்டேட் ஆபீசில் பழகிய பழக்கம் அது. கிளார்க் ஒருவன் தனக்குத் தெரியாது என்று சொன்னால் ஆபீசின் மரியாதையே போய்விடும் என்று அங்கே நினைப்போம். இன்னொன்றும் உண்டு. தேர்ந்தெடுத்த ஆள் வேறு இடத்துக்குப் போய்விட்டால் மறுபடி தேடி அலைய வேண்டியவன் நான்தான். அவர்களைப் பிடித்துவைத்திருப்பது என் திறமை என்று நம்பினேன். முதலாளிக்குத் தள்ளிப்போடுதல் சிக்கனமான காரியம். ஒரு கையெழுத்தைப் போடாமல் இருந்தால் போதும். ஆனால் கடிதத்தை வாங்கிப்போனவர் வீட்டில் அன்றாடம் ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொண்டே இருக்கிறார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யலாமா, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, இருக்கிற வேலையை என்றைக்கு விடுவது என்று.

சித்தி மகன் இரண்டாவது மாதம் கூப்பிட்டான். “அண்ணே, இங்க எஸ்டேட் வேலய விட்டு நின்னுக்கிறேன்னு எழுதிக் குடுத்துரவா? முன்கூட்டியே சொல்லணுமாம்” என்றான். எழுதிக் கொடுத்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படி ஒரு லயத்தில் பிறந்தவன்தான். அன்று காலையில்தான் மேடம், “இன்னும் ஒண்ணும் தெரியலீங்க” என்றிருந்தார். “குடுத்துரு. வேல உறுதி” என்றேன். அந்த மூன்று சொற்களை என்னைத் தவிர வேறு யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜீப் வந்த காலையில் மேடம் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார். கட்டிலைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“ஏனுங்க சார், இவங்கள யாரு வரச்சொன்னது?”

“நான்தான் மேடம்.”

“நான் பொறுக்கச் சொன்னது அவங்களுக்குத் தெரியுமுங்களா?”

சித்தி மகனின் சிரிப்பு அப்போதுதான் போனது. “என்னண்ணே?” என்றான். “செக்ரோல்ல பேர வெட்டியாச்சுண்ணே. வீட்டுச் சாவியையும் குடுத்துட்டு வந்துட்டோம். பாப்பாவுக்கு டி.சி. வாங்கியாச்சு.” செக்ரோல் என்பது எஸ்டேட்டின் ஆள் பதிவேடு. அதில் ஒரு தடவை பெயர் போனால் மறுபடி ஏறுவது எளிதல்ல. அவன் மனைவி என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபம் இருந்தது, ஆனால் அவர் என்னை விட்டுவிட்டு அவனிடம் பேசினார். “உங்களுக்கு இப்ப வேல இல்லீங்க. எப்ப வரும்னு எனக்கே தெரியலீங்க. வராமயும் போயிரலாம். தோட்டத்துல ஒரு ஊடு பூட்டித்தான் கெடக்குது, அதுல இருந்துக்குங்க. பொண்ண மொதல்ல ஸ்கூல்ல சேத்துங்க. ஆனா எனக்காகக் காத்திருக்காதீங்க. இன்னைக்கே வேற எடத்துல தேடுங்க.” இரக்கத்தின் சாயல்கூட அந்தக் குரலில் இல்லை. சரக்கின் ஈரப்பதத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டுக் கட்டிலை இறக்கச் சொல்லிவிட்டு, என்னை உள்ளே வரச் சொன்னார்.

“மிச்சம் பதினோரு பேர்த்துக்கும் இப்படித்தான் சொல்லி வெச்சிருக்கறீங்களா?”

“ஆமா மேடம். ஆளு போயிட்டா மறுபடி கெடைக்காதுன்னுதான்...”

“அதுக்கு? அவங்க என்ன நம்ம குடோன்ல அடுக்கி வெச்ச சரக்குங்களா?” மேசைமேலிருந்த போனை என் பக்கம் தள்ளினார். “உங்களச் சொல்லி என்ன. நானும் என்ன சொன்னீங்கன்னு ஒருநாளும் கேக்கல. கேக்காம இருந்தது எனக்கும் சௌரியமா இருந்துதுங்க. இப்பவே கூப்பிடுங்க. நம்மளுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க.”

அவர் எதிரிலேயே உட்கார்ந்து பதினொரு பேரையும் கூப்பிட்டேன். முதல் ஆளிடம் வார்த்தை வரவில்லை; சுற்றி வளைத்தேன். மேடம் போனை வாங்கி நேராகச் சொன்னார். இரண்டாவது ஆள், கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவர், திட்டினார். மேடம் முழுவதையும் கேட்டுவிட்டு, “நீங்க சொல்றது சரிதானுங்க” என்று வைத்தார். மூன்றாவது ஆளிலிருந்து நானே பேசினேன். நாங்கள் கூப்பிட்ட அன்றுதான் ஒரு பெண் கோயம்புத்தூர் மில்லில் வந்த வேலையை எங்களுக்காக மறுக்க இருந்தாளாம். “நல்லவேள சொன்னீங்க” என்றாள்.

இதற்குப் பலன் கிடைத்தது என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. நான்கு மாதம் கழித்து வரி விஷயம் ஒருவழியாகத் தெளிந்தது. சரக்கு வாங்குபவர் உடனே இரண்டு மடங்கு வேண்டும் என்றார். பதினொரு பேரையும் மறுபடி கூப்பிட்டேன். இரண்டு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் எங்கெங்கோ சேர்ந்துவிட்டிருந்தார்கள். ஒருவர் குவைத்துக்கே போயிருந்தார். புதிதாக ஆள் பிடித்துப் பழக்குவதற்குள் அந்த ஆர்டர் வேறொரு தொழிற்சாலைக்குப் போய்விட்டது. அங்கே ஆட்களை ‘இதோ, இதோ’ என்று கடைசிவரை காக்கவைத்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மேடத்திடம் சொன்னேன். “அப்படிங்களா” என்றார், அவ்வளவுதான். அன்று மாலை புதிய கொட்டகைக்குள் தார்ப்பாய் மூடிய இயந்திரத்தின் பக்கத்தில் தனியாக வெகுநேரம் நின்றிருந்தார். அடுத்த வருஷம் அதை விற்றுவிட்டார். விற்ற வாரம் முழுக்க எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். என்மேல் கொஞ்சம் அதிகமாகவே.

சித்தி மகன் மூன்று வாரத்தில் பக்கத்திலிருந்த சித்தூரில் ஓர் அரிசி ஆலையில் சேர்ந்தான். தோட்டத்து வீட்டில் ஒரு வருஷம் இருந்தார்கள். அந்த ஒரு வருஷமும் அவன் என் வீட்டுக்கு வரவில்லை. ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது, “வேல கெடைக்காததுக்குக் கோவம் இல்லண்ணே. தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வீட்ட விட்டிருக்க மாட்டேன்” என்றான். பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டான். இப்போது பேசிக்கொள்கிறோம், கல்யாணம் காட்சிகளில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஆனால் எந்தக் காரியத்துக்கும் என்னிடம் யோசனை கேட்பதில்லை.

நான் இப்போது கோயம்புத்தூரில், பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். எங்கேயோ போர் என்கிறார்கள், எங்கேயோ வரி என்கிறார்கள். மூலப்பொருள் விலை ஒருநாள் ஏறி மறுநாள் இறங்குகிறது. போன மாதம் எடுத்த முப்பத்தொரு பேரைச் சேர்க்கும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. “கைவிட்டுராதீங்க, அப்படியே லைன்ல வெச்சிருங்க” என்றார் என் மேலாளர். அவருக்கு என் மகன் வயது, நல்லவர்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். “சொல்லி, அத்தனை பேரும் போயிட்டா நீங்க பொறுப்பெடுத்துக்குவீங்களா?” என்று கேட்டார்.

அன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். பல மாதங்களுக்குப் பிறகு பேசுகிறேன். நலம் விசாரித்தபின், “அன்னைக்கு நாம செஞ்சது சரிதானா மேடம்?” என்று கேட்டேன்.

மறுபக்கம் இயந்திரச் சத்தம் கேட்டது. “மெஷின வித்தப்ப இல்லீன்னுதானுங்க நெனச்சேன்” என்றார். “இன்னைக்குக் கேட்டா, தெரியலீங்க.” பிறகு, “எதுக்குங்க கேக்கறீங்க?” என்றார்.

சொன்னேன்.

“எத்தன பேருங்க?”

“முப்பத்தொண்ணு.”

“அப்ப என்னத்துக்குங்க எங்கிட்டப் பேசீட்டிருக்கறீங்க? போன வெச்சுப்போட்டு அவங்களக் கூப்பிடுங்க.”